பராத்தின் கல்

கல்லை வீட்டுக்குள் தூக்கி வரச் சொன்னது சாந்தாமணிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். மூக்கம்மா தன் புருஷனைச் சொன்னாள். புருஷன் மழையைச் சொன்னான். மாமியார் பேச்சியம்மா, செத்துப்போன வெள்ளைக்காரத் துரையைச் சொன்னாள். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீட்டின் அடுப்போரத்துக்கு அந்தக் கல்லைக் கொண்டுவரச் சொன்ன வாய் சாந்தாமணியின் வாய்தான்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஐப்பசி மாதம். கீழ் கோத்தகிரியைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் கல்பாலம் தேயிலைத் தோட்டம். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு அங்கே ஒரு வரிசை வீடுகள் கொடுத்திருந்தார்கள். அங்கே சொன்ன மாதிரியே இங்கேயும் அதை லயம் என்றுதான் சொல்வார்கள். லயத்துக் குழாயடியில் துணி துவைக்க ஒரு கல் வேண்டுமென்று மூக்கம்மா கேட்க, அவள் புருஷன் பாலன், மேலே இடிந்து கிடந்த துரை பங்களாவின் தோட்டத்திலிருந்து ஒரு பட்டைக் கல்லைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்து போட்டான். வழவழப்பான பக்கம் மேலே. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? லயம் முழுக்க அதில்தான் துணி அடித்தது.

அந்த ஐப்பசி மழையில் குழாயடி மண் சரிந்து கல் புரண்டது. அடிப்பக்கத்தில் எழுத்து. தீக்குச்சிகளை ஒடித்து அடுக்கியது போல, கோடும் வட்டமுமாக வரிவரியாக. ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் அம்புரோஸ் அதைப் பார்த்துவிட்டு, "பைபிள் தேசத்து எழுத்தா இருக்குமோ" என்று கோயமுத்தூரில் தெரிந்தவர்களிடம் சொல்லப்போக, அந்தப் பேச்சு சாந்தாமணியின் காதுக்குப் போய்விட்டது.

சாந்தாமணி கோயமுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் மகள். அக்கா தங்கைகள் கல்யாணம் கட்டிப் போன வயதில் இவள் பம்பாய்க்குப் போய் ஹீப்ரு, அரமேயம், தெற்கு அரேபியாவின் பழைய பாஷை என்று யாரும் பேசாத பேச்சுகளாகப் படித்தாள். "எங்க சாந்தா செத்தவங்ககூட மட்டுந்தானுங்க நல்லாப் பேசுவா" என்று அவள் அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவளும் சிரிப்பாள். கல்லறை எழுத்து, சாப எழுத்து எல்லாம் அவளுக்குத் தினம் சாப்பிடுகிற சோறு மாதிரி. பத்து வருடப் படிப்பில் ஒரு எழுத்தைக் கண்டும் அவள் பயந்ததில்லை.

அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். படித்தவள் என்பதால் லயத்தில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லைப் பார்த்ததுமே தெற்கு அரேபிய எழுத்து என்று தெரிந்துவிட்டது. பழைய துரை தெற்கு அரேபியாவின் ஏடன் துறைமுகத்தில் பட்டாளத்தில் இருந்தவராம். அங்கே வாங்கிக் கப்பலில் ஏற்றித் தோட்டத்து அலங்காரத்துக்கு நட்டிருக்க வேண்டும். பாசி அடைத்திருந்ததால் அப்படியே படிக்க முடியவில்லை. எழுத்தைக் காகிதத்தில் பிடிக்கிற வேலையை ஆரம்பித்தாள். தடித்த காகிதத்தை நனைத்துக் கல்லின் மேல் விரித்து, மொத்தைப் பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். காய்ந்ததும் அப்பளம் போல விறைத்துக்கொண்டு, எழுத்தோடு கழன்று வரும். அதற்கு வெயில் வேண்டும். கல்பாலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மத்தியானத்துக்கு மேல் மேகம் தரையிலேயே இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காகிதம் ஊறிக்கொண்டே இருந்தது.

"பக்கத்துல யார் ஊட்டுலயாவது அடுப்பு எரியுதுங்களா? இதை ஓரமா வெச்சா காய்ஞ்சுரும்" என்றாள் சாந்தாமணி.

"என் வீட்ல எரியுது டீச்சர்" என்றாள் மூக்கம்மா, வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று. எட்டாம் மாதம். முகமெல்லாம் மஞ்சளாக வெளுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பாலனும் அம்புரோஸும் கல்லை உள்ளே தூக்கி வந்து அடுப்பின் பக்கச் சுவரில் சாய்த்தார்கள். பேச்சியம்மா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

அடுப்பு வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் ஈரக் காகிதத்தின் பள்ளங்களில் எழுத்து தெளிந்தது. சாந்தாமணிக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று. கீழே உட்கார்ந்து விரலை வரியில் வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த எழுத்தில் நம் ஆ, ஈ போல உயிரெழுத்து கிடையாது. மெய்யை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். படிக்கிறவர்தான் அதை வாயில் போட்டு, இப்படியா அப்படியா என்று புரட்டிச் சொல்லிப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வாய்விட்டுப் படிப்பது அவர்கள் படிப்பில் பழக்கம். யாரும் இல்லாத அறையிலும் சாந்தாமணி அப்படித்தான் படிப்பாள். இங்கேயும் படித்தாள். தொண்டையின் அடியிலிருந்து கிளம்பும் சத்தங்கள் அவை. முதல் வரி, அடுத்த வரி, கடைசி வரி. கடைசி வரி ஒரு இடத்தில் பிடிபடாமல் மூன்று தரம் திருப்பித் திருப்பிச் சொன்னாள், கணீரென்று.

"என்னா பாஷை இது, நெஞ்சுக்குள்ள இருந்து வருதே" என்றாள் பேச்சியம்மா.

"என்னா எழுதியிருக்கு டீச்சர்?" மூக்கம்மா பாயில் சாய்ந்தபடி கேட்டாள்.

"பராத்னு ஒரு பேருங்க. பொம்பளை பேருங்க."

"பொம்பளையா!" மூக்கம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "நான் ஏதோ ராசா பேருன்னு நெனச்சேன். மேல?"

சாந்தாமணி வாயைத் திறந்தாள். அப்போதுதான் தான் படித்தது அவளுக்கே எட்டியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.



"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் பேச்சியம்மா.

"ஒண்ணுமில்லீங்கம்மா. எழுத்து தேஞ்சு போயிருக்குது."

"இப்பத்தான மூணு தடவ சொன்னீங்க?"

சாந்தாமணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கல்லில் இல்லாத எழுத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் படிப்பில் முதல் பாடம். அம்புரோஸைப் பார்த்தாள். அவர் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது... கல்லறைக் கல்லுங்க" என்றாள். "அந்தம்மாவைப் புதைச்ச எடத்துல நட்டது. கடைசி வரி எல்லாக் கல்லறையிலயும் எழுதறதுதானுங்க, பெருசா எடுத்துக்க வேண்டாம். இதைப் பெயர்க்கிறவங்களை அத்தர் அடிக்கட்டும்னு..."

"அத்தர்னா செண்டுதானே?" என்று பாலன் சிரிக்கப் பார்த்தான்.

"சாமி பேருங்க."

பாலனின் சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுபோயிற்று. பெயர்த்தவன் அவன்தானே. சுமந்த தோளை அவன் கை தானாகத் தடவியது.

"போன வருசம்" என்றாள் மூக்கம்மா மெதுவாக. "அந்தக் கல்லு வந்து ரெண்டு மாசம்கூட ஆவல. ஆறாம் மாசத்துப் புள்ள." பேச்சியம்மா கையால் அவள் வாயைப் பொத்தப் போனாள். மூக்கம்மா தலையைத் திருப்பிக்கொண்டு கல்லையே பார்த்தாள். ஈரக் காகிதம் அடுப்புச் சூட்டில் லேசாக ஆவி விட்டது. கல் மூச்சு விடுவது போல இருந்தது.

சற்று நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது.

எட்டாம் மாதத்தில் எடுக்கக் கூடாத வலி. பாயில் ரத்தம் பட்டது. பேச்சியம்மா எத்தனையோ பிரசவம் பார்த்தவள். வயிற்றில் கை வைத்துத் தடவிவிட்டு, கையை எடுக்காமலே மகனைப் பார்த்தாள். "குறுக்க கெடக்குடா. இங்க வெச்சுப் பாக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். கொண்டு போனா ரெண்டு உசிரு. இல்லாட்டி ஒண்ணுமில்ல." தோட்டத்து நர்ஸ் லீவில் போயிருந்தாள். அம்புரோஸ் ஓடிப்போய்க் கொழுந்து லாரியை வாசலுக்கே கொண்டுவரச் செய்தார். டிரைவர் காளிமுத்து தலையை உள்ளே நீட்டினான்.

"சீக்கிரம் ஏத்துங்க. கொண்டை ஊசியில மண்ணு விழுந்துட்டே இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் போனா ரோடே இருக்காது."

மூக்கம்மா எழுந்தாள். வாசல்வரை வந்தாள். நிலைக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

"நான் வரமாட்டேன்."

"அடியே, புத்தி கெட்டவளே!"

"வழியில அடிச்சிரும் அத்தே. அதுதான் அடிக்கட்டும்னு மூணு தடவ சொல்லியாச்சே. சும்மா கெடந்த எழுத்து அது. உசிரில்லாம கெடந்துச்சு. இவங்கதான் வாயால சொல்லிக் கெளப்பிவிட்டாங்க." சாந்தாமணியின் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தேவலை. பயம்தான் இருந்தது, ஒரு சிறு பெண்ணின் பயம். "சொன்ன வாயாலேயே திருப்பி எடுத்துருங்க டீச்சர். எடுத்துட்டீங்கன்னா நான் ஏறிடுறேன்."

பாலன் தூக்கப் போனான். அவள் அலறிய அலறலில் ரத்தம் இன்னும் பெருகியது. பேச்சியம்மா, "இழுக்காதடா, செத்துருவா" என்று கத்தினாள். மேகம் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. லாரியின் விளக்கு இரண்டு மங்கல் வட்டமாகத் தெரிந்தது. வாசலில் லயத்து ஜனம் கூடிவிட்டது.  எல்லோரும் சாந்தாமணியின் வாயைப் பார்த்தார்கள்.

சாந்தாமணி கல்லைத் திரும்பிப் பார்த்தாள். இதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் எழுத்து, ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எவனோ கல்தச்சன் கூலிக்கு வெட்டியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அந்தச் சமாதானம் மனதில் நிற்கவில்லை. நான் மூன்று தரம் சொன்னேன். நான் சொல்லி முடித்த பிறகுதான் வலி எடுத்தது. இந்த இரண்டும் அவள் மண்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. விலக்கினால் விலகவில்லை.

"எடுத்தர்றேன் கண்ணு" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

"அதுல இன்னும் இருக்கே" என்று மூக்கம்மா காகிதத்தைக் காட்டினாள். "கல்லுல ஒண்ணு, காகிதத்துல ஒண்ணு."

அந்தக் காகிதத்துக்காகத்தான் சாந்தாமணி இத்தனை தூரம் வந்தது. யோசிக்க நேரமில்லை. ஓரத்தைப் பிடித்து உரித்தாள். ஈரமாகவே முழுதாகக் கழன்று வந்தது, எழுத்தெல்லாம் அதன் முதுகில் புடைத்துக்கொண்டு. அதை அடுப்பில் போட்டாள். காகிதம் எரியவில்லை. உஸ்ஸென்று சீறிற்று. கரும்புகை கிளம்பி வீட்டை நிறைத்தது. புகைக்கு நடுவே புடைத்த எழுத்துகள் கறுத்து, முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வாசலில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"ஆத்தாடி! நெருப்பே வேணாங்குது!" என்றாள் பேச்சியம்மா.

சாந்தாமணி வெறுங்கையால் அதை வெளியே இழுத்தாள். விரல் சுட்டது. பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் அமுக்கி, மாவு பிசைவது போலப் பிசைந்தாள். ஈரக் காகிதம் நெருப்புக்கு மசியாது, தண்ணீருக்கு மசிந்துவிடும். அவளுக்கு அது தெரியும். கொஞ்ச நேரத்தில் எழுத்தும் இல்லை, காகிதமும் இல்லை. கஞ்சிபோல வெளுத்த கூழ்தான் வாளியில். "பாரு கண்ணு. கரைஞ்சிருச்சு" என்று வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

மூக்கம்மா பார்த்தாள். "இப்ப வாயால."

திருப்பி எடுக்கிற வாசகம் எந்தக் கல்லிலும் இல்லை. சாபம் போட்டிருப்பார்கள், போட்டதை எடுத்ததாக ஒருவரும் வெட்டி வைக்கவில்லை. சாந்தாமணி கண்ணை மூடித் தேடினாள். பம்பாயில் படித்த ஒரு வெண்கலத் தகடு ஞாபகம் வந்தது. யாரோ ஒரு பெண் தன் தெய்வத்திடம் கேட்டு எழுதிவைத்தது, நோயில்லாத ஆண் பிள்ளைகளைக் கொடு, என்னைக் காப்பாற்று என்று. அவள் கல்லின் எதிரே மண்டியிட்டாள். ஈரமான கல்லில் உள்ளங்கையை வைத்தாள். அந்தத் தகட்டின் வாசகத்தை, அந்தப் பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் மூக்கம்மாவின் பெயரை வைத்து, வாய்விட்டுச் சொன்னாள். கல்லில் இல்லாததைக் கல்லைப் பார்த்துச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாஷை தெரியாத ஜனம், மூக்கம்மா என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுத் திடுக்கிட்டது. கடைசியில் தமிழிலேயே, "பராத்து, இவ ஒண்ணும் தெரியாதவ. தெரிஞ்சு பண்ணுனது நானு. இவளை உட்ரு" என்றாள். அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான், தான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மூக்கம்மாவின் கை நிலைக்கட்டையிலிருந்து கழன்றது.

"நான் கொண்டாந்தேன், நானே கொண்டு போய் வைக்கிறேன்" என்று பாலன் கல்லைத் தோளில் ஏற்றினான். "வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திர்றேன். நீ போ புள்ள." அம்புரோஸ் டார்ச் எடுத்துக்கொண்டு அவனோடு பங்களா மேட்டுக்கு ஏறினார். மேகம் இருவரையும் விழுங்கிவிட்டது.

லாரியின் பின்பக்கத்தில் கொழுந்துச் சாக்குகளை விரித்து மூக்கம்மாவைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் பேச்சியம்மா. பக்கத்தில் சாந்தாமணி. அவள் கையை மூக்கம்மா எலும்பு நொறுங்கப் பிடித்திருந்தாள்.

"நிறுத்தாதீங்க டீச்சர். சொல்லிக்கிட்டே வாங்க."

சாந்தாமணி சொல்லிக்கொண்டே வந்தாள். தகட்டு வாசகம் எத்தனை தரம் வரும்? அது தீர்ந்ததும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அணை கட்டின ராஜாவின் கல்வெட்டு. வயல் எல்லைக் கல். எந்தக் கோயிலுக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்ற கணக்கு. அர்த்தத்தைக் கேட்டிருந்தால் மூக்கம்மா சிரித்திருப்பாள். சாந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு சாபம் ஒளிந்திருக்குமே. அது வருவதற்குள் நாக்கைத் திருப்பி அடுத்ததற்குத் தாவ வேண்டியிருந்தது. முள்ளுக்குள் வெறுங்காலோடு ஓடுவது போல ஓடினாள்.

கொண்டை ஊசியில் காளிமுத்து பிரேக் போட்டான். ரோட்டின் பாதி இல்லை. மேலேயிருந்து சிறுசிறு கல் லாரியின் கூரையில் விழுந்தது, டக் டக்கென்று, யாரோ தட்டிக் கூப்பிடுவது போல.

"அடிக்குது" என்றாள் மூக்கம்மா. "டீச்சர், அடிக்குது."

"அது மண்ணு, கண்ணு. வெறும் மண்ணு." ஆனால் சாந்தாமணியின் கண்ணும் மேலேதான் பார்த்தது. அந்த இருட்டில், அந்தச் சரிவின் மேல், யாரோ நிற்பதாகத்தான் அவளுக்கும் பட்டது.

"இறங்கித் தள்ளட்டுமா?" என்று பேச்சியம்மா கேட்டாள்.

"வாயை மூடிட்டு உக்காருங்க ஆத்தா. மூச்சு உட்டாலே சாஞ்சிரும்" என்றான் காளிமுத்து. சக்கரம் பாறையோரமாக உரசிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. லாரி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு பெரிய சத்தம், மலையே பெருமூச்சு விட்டது போல. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாந்தாமணி மட்டும் ஆட்டுக் கணக்கை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கதவு மூடிற்று. பேச்சியம்மா சுவரோரம் குந்திக்கொண்டு எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாந்தாமணி கதவுக்கு எதிரே நின்றபடி முணுமுணுத்தாள். மூக்கம்மா அவள் கையை விட்டு உள்ளே போன பிறகும் நிறுத்தத் துணிச்சல் வரவில்லை. நிறுத்துகிற அந்த நொடியில்தான் ஏதாவது நடந்துவிட்டால்?

முழங்கால் வரை சேறோடு பாலன் வந்து சேர்ந்தான். இடிந்த ரோட்டை நடந்தே தாண்டி, குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து வந்திருக்கிறான். "வெச்சுட்டேன்" என்றான் மூச்சு வாங்க. "பேரு மேல தெரியறாப்புலதான் வெச்சேன். அவளுக்கும் ஒரு பேரு இருக்குல்ல."

அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. நனைந்த பூனைக்குட்டி கத்துவது போல ஒரு மெல்லிய கீச்சு. நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை கோபமாக.

பேச்சியம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள்.

பார்க்க விட்டபோது மூக்கம்மா சாயம் போன துணி போலக் கிடந்தாள். பக்கத்தில் பஞ்சுக்குள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முகம்.

"பொம்பளப் புள்ள" என்றாள் மூக்கம்மா. "நீங்க அவகிட்ட என்னா கேட்டீங்க டீச்சர்?"

சாந்தாமணிக்கு மறைக்கத் தோன்றவில்லை. "ஆம்பளைப் புள்ளைதான் கண்ணு. அந்தக் காலத்துல அப்படித்தான் கேப்பாங்க."

மூக்கம்மாவின் உதட்டில் ஒரு ஓரமாகச் சிரிப்பு வந்தது. "அவளும் பொம்பளதானே. பாத்துத்தான் குடுத்திருக்கா." கண்ணை மூடப் போனவள், மறுபடி திறந்து சாந்தாமணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இப்போது பயம் இல்லை, இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது.

"டீச்சர், போதும். இன்னும் வாய் அசையுது பாருங்க."

சாந்தாமணி சுட்டுப்போன விரல்களைத் தன் உதட்டின் மேல் வைத்தாள். விரலுக்கு அடியில் உதடு இன்னும் அசைந்துகொண்டுதான் இருந்தது.